சீட்டை ஏற்றுங்கள், மாத்திரையை நிறுத்துங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வயது 44. அரசுப் பள்ளியில் ஆசிரியை. என் அண்ணன் இரண்டு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருக்கும் சர்க்கரையால்தான் கிட்னி போனது. பிப்ரவரியில் புதுச்சேரி காந்தி சிலையிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு சைக்கிள் பயணம் நடத்துகிறார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திரட்டும் பணம் டயாலிசிஸ் நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்கும் ஊசிக்கும் போகிறது. நானும் பெயர் கொடுத்துவிட்டேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தருவதாக ஆளாளுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் மகனின் கியர் சைக்கிளில் வாரம் இரண்டு நாள் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கிக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் 15 கிலோமீட்டர் தாண்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. திங்கட்கிழமை சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. கிளம்பும் முன் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் தாங்குகிறது. எனக்கும் சர்க்கரை உண்டு, காலையில் மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது. என்னால் முடியுமா? பாதியில் நின்றால் எல்லோர் முகத்திலும் எப்படி முழிப்பேன்?

பதில்: அன்புள்ள சகோதரி,

முடியும். பதினொரு வாரம் போதும். ஆனால் சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் அந்த வலி மாத்திரைப் பட்டையை எடுத்துத் தனியே வையுங்கள்.

நான் எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லை, இயன்முறை மருத்துவன். மாத்திரை விஷயத்தில் எனக்கு எல்லை உண்டு. இருந்தாலும் இதைச் சொல்லாமல் மற்றதை எழுத மனம் வரவில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு எப்போதோ ஒன்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வியர்த்துக் கொட்டி, உடம்பில் தண்ணீர் குறைந்து, இருக்கிற ரத்தமெல்லாம் தொடைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே மாத்திரை சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. உங்களுக்குச் சர்க்கரை வேறு. குடும்பத்தில் அண்ணன் உதாரணம் கண்முன்னே இருக்கிறது. கிட்னி நோயாளிகளுக்காகச் சைக்கிள் மிதிக்கப் போய் உங்கள் கிட்னியைப் பணயம் வைக்க வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போய் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் சைக்கிள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய பரிசோதனைதான் அது. அப்படியே ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வருவதுண்டு. வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தாடையிலோ தோளிலோ இறுக்கம், காரணமில்லாத குப்பென்ற வியர்வை எதுவானாலும் அந்த இடத்திலேயே இறங்கி உட்கார்ந்து ஆளைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர, வலிக்கான காரணம் அப்படியே இருக்கும். உங்கள் காரணத்தை நீங்களே ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள்: இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கியிருக்கிறான்.

என்னிடம் முழங்கால் வலி என்று வரும் புது சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் இதே ரகம்தான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்குகிறது. மடங்கிய நிலையில் அழுத்தும்போது முழங்கால் சில்லு பின்னால் இருக்கும் எலும்போடு வைத்து அழுத்தப்படுகிறது. ஒரு நிமிடத்துக்கு 70 மிதி என்றால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலுக்கும் 4,200 தடவை. முன்பக்கம் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்று மாலையே இதைச் செய்யுங்கள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். செருப்பு வேண்டாம், ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெடலைக் கடைசிக் கீழ்நிலைக்குக் கொண்டுபோய், அதன்மேல் குதிகாலை வையுங்கள். விரல் பக்கம் அல்ல, குதிகால். இப்போது முழங்கால் முழுக்க நீண்டு, இடுப்பு ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், ஒரே நாளில் முழுவதும் வேண்டாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர். இந்த உயரத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு மட்டும் மிஞ்சும். அதுதான் சரி. ஏற்றிய பிறகு முழங்காலுக்குப் பின்னால் இழுத்தால் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், அரை சென்டிமீட்டர் இறக்குங்கள். சரியான உயரம் கிடைத்ததும் சீட் கம்பியில் ஒரு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள். அண்ணன் மகன் சனிக்கிழமை சைக்கிளை எடுத்துப் போனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளக்க வேண்டியதில்லை.

அப்போ கால் தரையில் எட்டாதே என்பீர்கள். எட்ட வேண்டாம். நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடி நிற்பதில்லை. பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் ஒரு பெடலில் எழுந்து, சீட்டுக்கு முன்னால் இறங்கி மற்றக் காலை ஊன்றுவதுதான் முறை. உங்கள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் போன பிறகு இருபது தடவை பழகுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். நான் இதைப் பழகாமல் விட்டு புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில், சிக்னலில், அத்தனை வண்டிக்கு நடுவே நின்ற இடத்திலேயே சாய்ந்திருக்கிறேன். முழங்கை தோலைவிட மானம்தான் அதிகம் உரிந்தது.

கியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பது பலம் என்று நினைக்காதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருவதுபோல் மிதியுங்கள். மூச்சு கொஞ்சம் கூடும், முழங்கால் தப்பும்.

விரல் மரப்புக்கு வருவோம். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று சரியாக எழுதியதற்கு நன்றி, பாதிப் பேர் 'கை மரக்குது' என்று மொத்தமாக எழுதுவார்கள். அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டின் அடியில் ஓடுகிறது. நீங்கள் அந்த மேட்டை ஹேண்டில்பாரில் வைத்து உடல் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்க்கிறீர்கள். உங்கள் உயரத்தை எழுதவில்லை. அண்ணன் மகன் உங்களைவிட உயரமாக இருந்தால், அவனுக்கான பிரேம் உங்களுக்கு நீளம், எட்டிப் பிடிக்கவேண்டி இருக்கும். சைக்கிள் கடையில் ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் என்ற பாகத்தைச் சின்னதாக மாற்றித் தருவார்கள், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தவும் முடியும். சீட்டின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் உடம்பு வழுக்கி முன்னால் வந்து கைதான் தாங்கும். சீட்டைத் தரைமட்டமாக வையுங்கள். ஜெல் வைத்த கையுறை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுவது, முழங்கையைக் கொஞ்சம் மடித்து வைப்பது, இவ்வளவு போதும். இதெல்லாம் செய்தும் சாக்பீஸ் நழுவுகிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். மரப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், பலக்குறைவு வேறு விஷயம்.

நீங்கள் எழுதக் கூச்சப்பட்டிருக்கலாம், நானே சொல்லிவிடுகிறேன். 60 கிலோமீட்டருக்கு மேல் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் காலோ மூச்சோ அல்ல, உட்காரும் இடத்துப் புண்தான். மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் பெண்களுக்கென்று தனியாகக் கிடைக்கிறது. அதற்குமேல் தளர்ந்த டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். ஷார்ட்ஸுக்குள்ளே வேறு உள்ளாடை கூடாது, தையல் உரசித்தான் புண் வரும். தொடை இடுக்கில் வாசலின் தடவுங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து மிதி மிதித்து உட்காருங்கள். துப்பட்டா செயின் பக்கமே வரக்கூடாது. சர்க்கரை இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் பாருங்கள், கொப்புளம் வந்தது தெரியாமலே இருந்துவிடும்.

பயிற்சி. இப்போது 20 என்கிறீர்கள். முதல் மூன்று ஞாயிறுகளில் 25, 30, 35. நான்காவது ஞாயிறு வேண்டுமென்றே குறைத்து 25, உடம்பு தேறுவது அந்த ஓய்வில்தான். அப்புறம் 45, 52, 60. பொங்கல் வாரம் 30 போதும், கரும்பு தின்ற கையோடு தூரத்தைக் கூட்ட வேண்டாம். அதற்கடுத்த ஞாயிறு 75. அதுதான் உச்சம். அதற்கடுத்து 40, பதினொன்றாவது ஞாயிறு பயணம். வாரநாளில் இரண்டு தடவை ஒரு மணி நேரம். ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. முழங்காலுக்கு அதைவிடச் செலவில்லாத மருந்து என்னிடம் இல்லை. 100 போகிறவர் 100 ஓட்டிப் பழக வேண்டியதில்லை. 75 முடித்தவர், இடையில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுப் போனால் 100 போய்விடுவார்.

எங்கே ஓட்டுவது? வாரநாளுக்குச் சில்வர் பீச் போதும். நீளத்துக்குப் புதுச்சேரி சாலைதான், ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். அதிகாலையில் மட்டும் போங்கள். சாயங்காலத்தில் மதுக்கடைகள் நிறைந்த முள்ளோடைப் பக்கம் ஏன் போகக்கூடாது என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வண்டிச் சத்தம் பிடிக்காவிட்டால் கன்னியக்கோயில் தாண்டிப் பாகூர் பக்கம் திரும்புங்கள், ஏரிக்கரையும் வயலுமாக நிம்மதியான சாலைகள். 75க்கு, காந்தி சிலையைத் தாண்டிக் காலாப்பட்டு பல்கலைக்கழக வாசல் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 70 வரும். குறைவதைச் சில்வர் பீச்சுக்கு ஒரு சுற்று போய் முடியுங்கள். பாலம் ஏறி இறங்கப் பழக கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. மழை பலமாகப் பெய்தால் ஓட்டாதீர்கள். ஒரு ஞாயிறு போனால் போகட்டும், அதற்கு ஈடாக அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓட்டுவதுதான் தப்பு.

காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மார்கழி, தையில் நம் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. நீங்கள் போவது வடக்கே. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது கிடைக்கும் வேகத்தை உங்கள் வேகம் என்று நம்பி ஏமாறாதீர்கள். மாமல்லபுரம் பயணத்தில் திரும்பி வருவது இல்லை, முழுக்க முகக்காற்றுதான். பத்து, பத்தரைக்கு மேல் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் மணிக்கு 16 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். ஆறேகால் மணி நேர ஓட்டம், ஒரு மணி நேர நிறுத்தம். கூட்டத்தில் வேகமாகப் போகிறவர்களைத் துரத்த வேண்டாம்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது மரக்காணத்தில். சில வருடத்துக்கு முன்னால், காலையில் ஒரு காபியோடு கிளம்பி, முதல் 30 கிலோமீட்டரைப் பறந்து முடித்தேன். உப்பளம் ஆரம்பிக்கும் இடத்தில் கண் இருட்டி, கை நடுங்கி, ஒரு மதகின்மேல் உட்கார்ந்துவிட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து தூக்குவாளியிலிருந்து கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் சைக்கிளையும் என் மெத்தை ஷார்ட்ஸையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு கூலி தர்றாங்க?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அதான் சோறு போடாம அனுப்பிட்டாங்க" என்றார்.

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, கூழோடு போயிற்று. உங்கள் கதை வேறு. காலையில் போடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றது சேர்ந்திருந்தால் நீண்ட ஓட்டத்தில் இறங்கிவிடும், அன்று இரவு தூக்கத்தில்கூட இறங்கலாம். நீண்ட ஓட்ட நாளில் அளவைக் குறைப்பதா விடுவதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, காத்திருந்து, மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் நடுக்கம், வியர்வை, எரிச்சல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், கால்மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை. உங்களுக்குச் சர்க்கரை என்பது கூட வருகிறவர்களில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் நான்கு இட்லி. வழியில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம், வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய் என்று எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. இதையும் பயிற்சி ஓட்டத்திலேயே சாப்பிட்டுப் பாருங்கள். பண்ருட்டி முந்திரி நம் பக்கத்துப் பெருமைதான், ஆனால் அது கொழுப்பு, செரித்து எரிய நேரமாகும். மாமல்லபுரத்தில் போய்த் தின்னலாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் போல. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. ஒரு பாட்டிலில் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரோ மோரோ இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். என்றால் ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், கலக்கும் அளவை மாற்றாதீர்கள், அதில் சர்க்கரையும் இருப்பதைக் கணக்கில் வையுங்கள். ஈ.சி.ஆர். முழுக்க இளநீர்க் கடை இருக்கும். உங்கள் அண்ணனிடம் இளநீர் கூடாது என்று டயாலிசிஸில் சொல்லியிருப்பார்கள், அதில் பொட்டாசியம் அதிகம். உங்களுக்கு அது ஆகும், கிரியாட்டினின் சரியாக இருந்தால். ஆனால் வியர்வையில் நீங்கள் இழப்பது சோடியம், இளநீரில் அது குறைவு. ருசிக்குக் குடியுங்கள், உப்புக்கு அதை நம்பாதீர்கள். 75 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போல் பாக்கி. கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, டயர் காற்று பற்றியெல்லாம் நடத்துகிறவர்கள் சொல்வார்கள். சாலை அகலப்படுத்தும் இடங்களில் மணலும் ஜல்லியும் கிடக்கும், அங்கே பிரேக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள் என்பது மட்டும் என் பங்குக்கு.

கடைசியாக முகத்தில் முழிப்பது. அந்தக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க் கணக்கை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். உங்களை வலி மாத்திரை போட வைத்தது முழங்கால் இல்லை, அந்தக் காகிதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 62ஆவது கிலோமீட்டரில் மயக்கம் வரும்போது, இறங்கினால் ஒவ்வொருவரிடமும் 380 ரூபாய் போகிறதே என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கோடு யாரும் சைக்கிள் ஓட்டக்கூடாது. ஸ்டாஃப் ரூமில் போய், "ஆளுக்கு ஆயிரம், நான் போனாலும் போகாவிட்டாலும்" என்று கேளுங்கள். பணத்தைக் கையில் வாங்காமல் நேரே அமைப்பின் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லி ரசீது வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூட வரும் வேனில் ஏறுவது எந்த இடத்தில், எந்த அறிகுறிக்கு என்பதை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூவத்தூரில் ஏறினாலும் ஆயிரம் ஆயிரம்தான், அந்த ஊசி அந்த ஊசிதான்.

சீட்டை ஏற்றி மூன்று வாரம் பாருங்கள். வலி குறையவில்லை, அல்லது முழங்கால் வீங்குகிறது, படியிறங்கும்போது மடங்கிக்கொள்கிறது என்றால் நேரில் வாருங்கள். வரும்போது சைக்கிளையும் கொண்டுவர வேண்டும், உங்களை மட்டும் பார்த்துப் பாதிதான் சொல்ல முடியும். அதற்காக அதை ஓட்டிக்கொண்டே வந்துவிடாதீர்கள், முழங்கால் வீங்கியிருந்தால் மினி லாரியில் ஏற்றி வாருங்கள்.